16எஸ் போதுமா, முழு ஜீனோம் வேண்டுமா: ஏற்காட்டுச் சேற்றில் கிடைத்த ஒரு பாக்டீரியாவை முன்வைத்து

ஏற்காடு ஏரிக்கரைச் சேற்றிலிருந்து நாங்கள் பிரித்தெடுத்த, வித்து உண்டாக்கும் காற்றில்லா (ஆக்சிஜன் பட்டால் வளராத) பாக்டீரியா ஒன்று புதிய சிற்றினம்தானா என்று தீர்மானிக்க இரண்டு வழிகள் இருந்தன: எல்லா பாக்டீரியாக்களிலும் இருக்கும், இனங்காண உதவும் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணுவை மட்டும் வரிசைப்படுத்துவது (அதன் டி.என்.ஏ. எழுத்துகளை வரிசையாகப் படிப்பது), அல்லது முழு ஜீனோமையும், அதாவது மொத்த டி.என்.ஏ.வையும், வரிசைப்படுத்துவது. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். இன்னொரு முறை வாய்த்தாலும் அதையே செய்வேன்.

செலவிலும் விரைவிலும் 16எஸ்தான் முந்துகிறது. சுமார் 1,500 எழுத்து நீளமுள்ள ஒரே மரபணு என்பதால், டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். வசதி மட்டுமே உள்ள சேலத்துக் கல்லூரி ஆய்வகத்துக்கும் அது எட்டும்.

சிக்கல் அது தரும் விடையில் இருக்கிறது. அறியப்பட்ட சிற்றினங்களோடு ஒப்புமை 98.7 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் புதியது என்று துணிந்து சொல்லலாம். மேலே இருந்தால், பழையதுதான் என்று சொல்லிவிட முடியாது. கிளாஸ்ட்ரிடியம் பேரினத்தில் இந்தத் தொல்லை நன்றாகவே தெரிந்தது. கொடிய நச்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினத்தின் ஒரு பிரிவும், பெரும்பாலும் அந்த நச்சை உண்டாக்காத கிளாஸ்ட்ரிடியம் ஸ்போரோஜீனஸும் 16எஸ் அளவில் ஏறத்தாழ ஒன்றே. போதாததற்கு, இப்பேரினத்தில் பலவற்றுக்கு இம்மரபணு பத்துப் படிகள் (நகல்கள்) வரையிலும் அதற்கு மேலும் இருக்கும். படிக்குப் படி ஓரிரு எழுத்து மாறுவதும் உண்டு. ஒவ்வொரு எழுத்தையும் ஒரு வண்ண முகடாகக் காட்டும் குரோமட்டோகிராம் வரைபடத்தில் ஓரிடத்தில் பச்சை முகடும் சிவப்பு முகடும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து நின்றதைப் பார்த்து, வேறு பாக்டீரியா கலந்துவிட்டதென்று எண்ணி மூன்று வாரம் மறுபடி மறுபடி தூய்மைப்படுத்திக்கொண்டிருந்தோம். அது படிகளுக்கிடையிலான வேறுபாடு என்பது ஜீனோம் வந்த பிறகே புரிந்தது.

எங்கள் பாக்டீரியாவின் 16எஸ் ஒப்புமை 99 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. அத்தோடு நின்றிருந்தால் கோப்பை மூடியிருப்போம். இரு ஜீனோம்களின் எழுத்துகளை ஒப்பிடும் சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமையோ 91 விழுக்காடுதான் வந்தது. சிற்றின எல்லை 95 முதல் 96 வரை. ஜீனோம்களைக் கணினியில் ஒப்பிட்டுக் கணக்கிடும் டிஜிட்டல் டி.என்.ஏ. கலப்பிணைவும் 70 விழுக்காடு என்ற எல்லைக்கு வெகு கீழே. வகைப்பாட்டில் ஜீனோம் தரவைப் பயன்படுத்துவதற்கான குறைந்தபட்ச நெறிகள் 2018இல் முன்மொழியப்பட்ட பின், புதிய சிற்றினத்தை விவரிக்கும் கட்டுரையில் இவ்வெண்களை எதிர்பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஒரே ஒரு பாக்டீரியாவில் கண்டதை வைத்தே இவ்வளவும் சொல்கிறேன். பாக்டீரியா அல்லாத வேறு நுண்ணுயிர்க் குழுவான, மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாக்களில் நான் கைவைத்ததில்லை.

ஜீனோம் கிடைத்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. பாக்டீரியப் பெயரீட்டு விதிப்படி, பெயர் செல்லுபடியாக வேண்டுமானால் உயிருள்ள வளர்ப்பை இரண்டு வெவ்வேறு நாடுகளின் சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு மறுவளர்ப்பிலும் ஊசி ரப்பர் அடைப்பானைத் துளைக்கும்போது, ஆக்சிஜனைக் காட்டிக்கொடுக்கும் சாயமான, நிறமற்றிருந்த ரெசசூரின் இளஞ்சிவப்பாகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது. நிறம் ஏறினால் ஆக்சிஜன் புகுந்துவிட்டது என்று பொருள்.

16எஸ்ஸை அடியோடு ஒதுக்கவும் மாட்டேன். அடுத்த முறை ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி நாற்பது மாதிரிக் குழாய்கள் சேலம் வந்து சேர்ந்தால், நாற்பதையும் முதலில் அதில்தான் சலிப்பேன். ஜீனோமுக்கு அனுப்புவது அவற்றில் ஒன்றோ இரண்டோதான்.