புள்ள அழுகையா, பக்கத்து சீட்டு ஆளா: லோங் ஃப்ளைட்டுல எதுக்கு எது சரிவரும்?

மொதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், அழுற கைப்புள்ளையையும் ஸ்பீக்கர்ல வீடியோ ஓடவிடுற பெரிய ஆளையும் ஒரே லிஸ்ட்ல போட்டு திட்டுறது எனக்கு சுத்தமா புடிக்காது. புள்ளைக்கு நம்ம காதைப் பாத்துக்கணும், பெரியவங்களுக்கு நம்ம வாயைத் திறக்கணும். நம்மாளுங்க நெறைய பேர் இத அப்படியே தலைகீழா செய்றாங்க, புள்ளையோட அம்மாவ திரும்பித் திரும்பி மொறைக்கிறது, வீடியோ பாக்குற ஆளுகிட்ட மட்டும் ஒரு வார்த்தையும் பேசாம பல்லக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கிறது. கட்டுநாயக்க எயார்போட்ல இருந்து டுபாய்க்கு நாலரை மணித்தியாலம் அப்படி போயிடலாம், லண்டனுக்கு நேரா பதினோரு மணித்தியாலம் முடியாது.

காதுல இருந்து தொடங்குவோம். ஃபோம் இயர்பிளக்கா, நோய்ஸ் கேன்சலிங் ஹெட்செட்டா? எல்லாரும் ஹெட்செட்டுன்னுதான் சொல்லுவாங்க, ஏன்னா அதுதான் வெல கூட. ஆனா அது எப்படி வேல செய்யுதுன்னு பாருங்க, வெளிய வர்ற சத்தத்த குட்டி மைக்கால புடிச்சி, அதுக்கு எதிரான அலைய உள்ள விட்டு ரெண்டையும் அடிச்சிக்க வைக்கும். இஞ்சின் மாதிரி ஒரே சீரா 'ஊ'ன்னு ஓடுற தாழ்வான சத்தத்துக்கு அது சூப்பர். புள்ள அழுகை அப்படி இல்லையே, திடீர்னு கெளம்பும், ஏறும், மூச்சுக்கு நிக்கும், திரும்ப வீல்னு வரும். அந்த மேல் சத்தத்த ஹெட்செட்டால அந்தளவுக்கு அமத்த முடியாது. இதுல இன்னொரு கூத்து, இஞ்சின் சத்தம் கொறஞ்ச உடனே அழுகை மட்டும் தனியா, இன்னும் தெளிவா கேக்கும். அதனாலதான் நெறைய பேர் காசு குடுத்து வாங்கிட்டு ஏமாந்துபோறாங்க.

சேஃப்டி சாமான் விக்கிற கடையில கெடைக்கிற மஞ்சள், ஆரஞ்சு ஃபோம் பிளக் மேல் சத்தத்த நல்லா அமத்தும். பாக்கெட்ல 29, 33 டெசிபல்னு எல்லாம் போட்டிருக்கும், அது லேப் கணக்கு, சரியா போடாட்டி அதுல பாதி கூட கெடைக்காது. வெரலால உருட்டி உருட்டி மெல்லிய குச்சியாக்கி, மத்தக் கையை தலைக்குப் பின்னால கொண்டுபோய் காத மேல இழுத்துப் புடிச்சி, உள்ள விட்டு அரை நிமிசம் அமத்தியே வச்சிருக்கணும், அது உள்ள ஊதி அடைக்கும் வரைக்கும். சும்மா காது வாசல்ல சொருகிட்டு 'இது வேல இல்ல'ன்னு சொன்னா எப்படி? என்னோட ஓட்டு ஃபோமுக்குத்தான். ரெண்டும் கையில இருந்தா ஃபோம போட்டு மேல ஹெட்செட்ட மாட்டிக்கோங்க, ஒண்ண மட்டும் போடுறதவிட நல்லா அமத்தும்.

சரி, புள்ள ஏன் அழுது? பசி, தூக்கம், நாப்பி எல்லாம் ஒரு பக்கம். ஃப்ளைட் எறங்குறப்ப அழுறதுக்கு பெரும்பாலும் காதுதான் காரணம், இத நம்ம மலையகத்துல இருக்கிறவங்களுக்கு வெளக்கவே தேவையில்ல. நுவரெலியா 6,128 அடி. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 மாதிரி புது ஃப்ளைட்டுகள்ல உள்ள இருக்கிற காத்து அழுத்தம் கிட்டத்தட்ட 6,000 அடி உயரத்துல இருக்கிற மாதிரிதான், அதாவது நுவரெலியா டவுன்ல உக்காந்திருக்கிற கணக்கு. பழைய மாடல்கள்ல 8,000 அடி வரைக்கும் போகலாம், பீதுருதலாகல உச்சியே 8,281 அடிதான். நுவரெலியாவுல இருந்து வேன்ல ரம்பொட வளைவுல எறங்குறப்ப காது அடைக்குதே, அதேதான். ஆனா வேன் அந்த எறக்கத்த நாலஞ்சு மணித்தியாலம் எடுத்து கட்டுநாயக்கவுக்கு கொண்டுபோகுது, ஃப்ளைட் அரை மணித்தியாலத்துல முடிக்குது. சின்னப்புள்ளைக்கு மூக்குக்கும் காதுக்கும் நடுவுல இருக்கிற குழாய் ஒடுக்கம், அழுத்தம் சமமாக நேரமெடுக்கும், வலிக்கும். தடிமல் இருந்தா இன்னும் மோசம்.

அதனால தாய்மாருக்கு, பால் குடுக்குறதா சிரப் குடுக்குறதாங்கிற போட்டியில எனக்கு சந்தேகமே இல்ல. எறங்கப் போறோம்னு அறிவிப்பு வந்த உடனே புள்ளைய எழுப்பி தாய்ப்பாலோ போத்தலோ குடுக்கணும், உறிஞ்சி முழுங்க முழுங்க காது திறக்கும். தூங்குற புள்ளைய எழுப்ப மனசு வராதுதான், ஆனா தூக்கத்துல புள்ள முழுங்குறது கொறைவு, கடைசியில வலியோடதான் எந்திரிக்கும். 'பிரிட்டோன் (Piriton) அலர்ஜி சிரப் ஒரு கரண்டி குடுத்தா தூங்கிடும்'னு சொல்ற மாமிமார் எல்லா தோட்டத்து லயத்துலயும் இருக்காங்க. தூங்க வைக்கிறதுக்காக அந்த மாதிரி மருந்து குடுக்குறத டொக்டர்மார் வேணாம்ங்கிறாங்க, ரெண்டு வயசுக்குக் கீழ கண்டிப்பா வேணாம், சில புள்ளைங்களுக்கு அது எதிர்மாறா வேல செஞ்சி விடிய விடிய ஆட வைக்கும்.

டிரெக்ட் ஃப்ளைட்டா, டோஹா வழியாவா? தனியா போறவங்க காசு கொறைஞ்சத பாருங்க. கைப்புள்ளையோட போறவங்களுக்கு டிரான்சிட்னா ரெண்டு தடவ எறக்கம், ரெண்டு தடவ காது வலி, நடுச்சாமத்துல எயார்போட் வெளிச்சம் வேற. முடிஞ்சா டிரெக்ட். ஓடித் திரியிற மூணு நாலு வயசுன்னா மட்டும் நடுவுல எறங்கி ஓட விடுறது நல்லது.

சீட் விசயத்துல, எக்கொனமியில ஒவ்வொரு பகுதியிலயும் மொத வரிசையிலதான் பேபி தொட்டில் மாட்டுவாங்க, அதுக்குப் பின்னால ரெண்டு மூணு வரிசைய விட்டுட்டு புக் பண்ணுங்க. ஆகப் பின்னாலயும் வேணாம், டொய்லட் கியூ உங்க தோள்ல சாஞ்சிக்கிட்டு நிக்கும். கோலாலம்பூர் போய் அங்கருந்து ஏர்ஏசியா எக்ஸ்ல ஆஸ்திரேலியா போறவங்களுக்கு 2013ல இருந்தே க்வயட் சோன் இருக்கு, பத்து வயசுக்குக் கீழ உள்ள புள்ளைங்கள அதுல உக்கார விடமாட்டாங்க. ஜப்பான் ஏர்லைன்ஸ் 2019ல சீட் மேப்லயே கைப்புள்ள எங்க இருக்குன்னு படம் போட்டு காட்ட ஆரம்பிச்சாங்க. ரெண்டுல எனக்கு ஜப்பான்காரங்க செஞ்சதுதான் புடிச்சிருக்கு, மேலதிகமா காசு கேக்கல, எந்த அம்மாவையும் ஒதுக்கல. க்வயட் சோனுக்கு செவுரா இருக்கு? நாலு வரிசை தள்ளி அழுதாலும் கேக்கத்தான் செய்யும்.

இப்ப பெரியவங்க. நீங்களே சொல்றதா, பெல் அடிச்சி க்ரூவ கூப்பிடுறதா? இது எந்த ஃப்ளைட்டுங்கிறதப் பொறுத்தது. குவைத், ரியாத் பக்கம் போற வர்ற ஃப்ளைட்டுல தோட்டத்துல இருந்து மொத தடவ ஃப்ளைட் ஏறுனவங்க இருப்பாங்க, வீட்டு வேலைக்குப் போய் ரெண்டு வருசம் கழிச்சி புள்ளைங்க அனுப்புன வொயிஸ் மெசேஜ திரும்பத் திரும்ப போட்டுக் கேக்குற அக்காமார் இருப்பாங்க. அங்க க்ரூவ கூப்பிட்டா அந்த அக்கா பயந்துடும். 'அக்கா, கொஞ்சம் சத்தத்த கொறைங்க, இந்தா என்கிட்ட இன்னொரு ஹேண்ட்ஸ்ஃப்ரீ இருக்கு'ன்னு குடுத்தா முடிஞ்சிது. சிங்கள ஆள்னா 'மல்லி', அதாவது தம்பின்னு ஒரு வார்த்தையோட தொடங்குனாலே பாதி வேல முடிஞ்சிரும். பதுளை கோச்சியில (ரயில்ல) பப்பரே பேண்ட் வாத்தியத்தோட வளந்த ஆளுங்க நாங்க, எங்களுக்கு சத்தம்னா என்னன்னே சில நேரம் வெளங்குறதில்ல, அதையும் ஒத்துக்கணும்.

ஆனா குடிச்சிட்டு கத்துறவர், சீட்ட முழுசா சாச்சிட்டு சாப்பாட்டு நேரத்துலயும் நிமித்தாதவர், இவங்களுக்கு நேரா க்ரூதான். சாப்பாடு வர்றப்ப சீட்ட நிமித்தச் சொல்றது அவங்க வழக்கமா செய்றதுதான், நீங்க சண்ட போடத் தேவையே இல்ல. 2014 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல யுனைடெட் ஃப்ளைட்ல ஒருத்தர் முன் சீட் சாயாம இருக்க பிளாஸ்டிக் க்ளிப் ஒண்ண மாட்டி, முன்னால இருந்த பொம்பள தண்ணிய எடுத்து ஊத்தி, டென்வருக்குப் போன ஃப்ளைட்ட சிகாகோவுல எறக்கி ரெண்டு பேரையும் எறக்கிவிட்டாங்க. முழங்காலுக்கு நாலு இஞ்சு எடம் கேட்டு ஊருக்கே போய்ச் சேராம நிக்கணுமா?

கடைசி வழி சீட் மாறுறது. கதவு பூட்டுனதும் மெதுவா கேட்டா, எடம் இருந்தா குடுப்பாங்க. ஏப்ரல் வருசப் பொறப்புக்கும் டிசம்பருக்கும் ஊருக்கு வர்ற ஃப்ளைட்டுல மட்டும் அந்த நம்பிக்கைய விட்டுடுங்க, ஒரு சீட் காலியா இருக்காது.