கட்டிப்பருவுக்கும் தடித்த தழும்புக்கும் ஸ்டீராய்டு ஊசி: சென்னைத் தோல் கிளினிக்குகளில் எதைப் பார்க்க வேண்டும்

முகூர்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கையில் தாடையில் வலிக்கிற கட்டிப்பரு கிளம்பினால், தி. நகரிலோ அண்ணா நகரிலோ தோல் மருத்துவர் கையில் எடுப்பது பெரும்பாலும் டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைத்தான். சரியாகப் போட்டால் இரண்டு மூன்று நாளில் பரு அமுங்கிவிடும். இதற்கு நிகரான வேகம் எந்தக் க்ரீமுக்கும் கிடையாது.

சிகிச்சையின் தரம் மருந்தைக் கலக்கும் இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. கெனகார்ட் (டிரையாம்சினலோனின் ஒரு பிராண்ட்) ஒரு மில்லிக்கு 10 மி.கி., 40 மி.கி. என இரண்டு வலிமையில் வருகிறது. முகப் பருவுக்கு மில்லிக்கு 2.5 மி.கி. வலிமை போதும், 10 மி.கி. மருந்து ஒரு பங்கு, சலைன் (உப்பு நீர்) மூன்று பங்கு. ஒரு பருவுக்கு 0.05 முதல் 0.1 மில்லி வரை, நடுவில் போட்டால் சரி. அவசரத்தில் 40-ஐ 10 என்று எடுத்துக் கலந்தால் நான்கு மடங்கு மருந்து ஏறிவிடும். இன்சுலின் சிரிஞ்சிலும் கவனம் வேண்டும்: 100 யூனிட் சிரிஞ்சில் 0.1 மில்லி என்பது 10 யூனிட், 40 யூனிட் சிரிஞ்சில் 4 யூனிட். மருந்து அடியில் படியும் வகை என்பதால் எடுக்கும் முன் குலுக்க வேண்டும். நம் கண்முன்னே குலுக்கிக் கலந்து, "எத்தனை மில்லிகிராம் டாக்டர்?" என்ற கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும் கிளினிக்கை நம்பலாம்.

அளவு மிஞ்சினாலோ ஊசி ஆழமாக இறங்கினாலோ அந்த இடம் குழிந்துவிடும். நம் நிறத்தில் வெளுப்பும் பளிச்சென்று தெரியும். பெரும்பாலான குழிகள் ஆறு மாதம், ஒரு வருடத்தில் நிரம்பும். சில நிரம்பாமலே நின்றுவிடும். இதற்காகவே பியூட்டி பார்லரில் இந்த ஊசிக்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். முகம் முழுக்கப் பரு உள்ளவர்களுக்கு இது சிகிச்சையே அல்ல. அவர்களுக்கு மாத்திரையும் பூச்சும்தான் வழி.

தடித்த தழும்பின் கணக்கு வேறு. காது குத்திய இடத்திலும் நெஞ்சிலும் தோளிலும் வளரும் கெலாய்டு என்ற தடித்த தழும்புக்கு மில்லிக்கு 10 முதல் 40 மி.கி. வரை, நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, பல தடவை போட வேண்டியிருக்கும். மருந்து தழும்புக்குள்ளேயே போக வேண்டும். புதுத் தழும்பு கல் மாதிரி எதிர்க்கும். அழுத்தத்தில் சாதாரண சிரிஞ்சிலிருந்து ஊசி தெறித்து மருந்து வீணாகும். திருகிப் பூட்டும் சிரிஞ்ச் வைத்திருப்பதும், முதலில் திரவ நைட்ரஜனால் உறையவைத்துத் தழும்பை இளக்குவதும் அனுபவமுள்ள கையின் அடையாளம். தழும்பைத் தாண்டிக் கீழே இறங்கினால் சுற்றியுள்ள கொழுப்பு கரையும், கெலாய்டு அப்படியே இருக்கும். வலி கடுமையாகவே இருக்கும். மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் கலக்கச் சொல்லிக் கேளுங்கள். பிடிவாதமான தழும்புக்கு 5-ஃப்ளூரோயூராசில் என்ற புற்றுநோய் மருந்தைச் சேர்ப்பதும் உண்டு, கர்ப்பிணிகளுக்கு அது கூடாது. "வெட்டி எடுத்துவிடலாம், ஊசியே வேண்டாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வெறுமனே வெட்டிய கெலாய்டு பெரும்பாலும் திரும்ப வளரும், சில சமயம் முன்னைவிடப் பெரிதாக.

மாதக்கணக்கில் தனியார் கிளினிக் செலவு தாங்காதவர்களுக்கு சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கெலாய்டு அளவில் மருந்து ஏறினால் சில நாள் சர்க்கரை கூடலாம். பெண்களுக்கு அந்த மாதம் மாதவிடாய் தேதி தள்ளிப்போகவும் வாய்ப்புண்டு. இதை முதலிலேயே சொல்லும் மருத்துவர்கள் குறைவு.