பாக்ஸருக்கு ஜெல் கூலிங் மேட்: ராத்திரிக்குச் சரி, மதியத்துக்கு உதவாது

எங்கள் நாய் டைகர், வரிவரியான பிரிண்டில் நிறப் பாக்ஸர் இனம். இரண்டு வயது, எடை 30 கிலோவுக்கு மேல். நாங்கள் இருப்பது பெரம்பூரில், மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள போர்ஷன். கத்திரி வெயிலில் மதியம் தரை டைல்ஸே வெதுவெதுவென்று இருக்கும். அதனால்தான் ஆன்லைனில் இந்த மேட்டை வாங்கினோம். பெரிய சைஸ், 2,000 ரூபாய்க்குள்.

மேலே நைலான் துணி, உள்ளே ஜெல். தண்ணீரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். நாய் படுத்தால் உடம்புச் சூட்டை ஜெல் வாங்கிக்கொள்ளும். எழுந்து போனதும் அதை அறைக் காற்றில் விடும். சிக்கலே இங்கேதான். அறையே 36 டிகிரியில் கொதிக்கும்போது ஜெல் அந்தச் சூட்டை எங்கே கொண்டுபோய் விடும்? நாயின் உடம்பே 38, 39 டிகிரிதான். மதியம் அவன் படுத்த கொஞ்ச நேரத்தில் தொட்டுப் பார்த்தேன்: அவன் வயிறும் மேட்டும் ஒரே சூடு. அவனாகவே எழுந்து பாத்ரூம் வாசலுக்குப் போய்விட்டான்.

ராத்திரி ஏசி அறையில் கதையே வேறு. பின்னங்கால் இரண்டையும் நீட்டி, வயிற்றை மேட்டில் அப்பிக்கொண்டு, குறட்டைவிட்டுத் தூங்குகிறான். குறட்டைக்கு மேட் பொறுப்பில்லை, அது அந்தச் சப்பை மூக்கின் வேலை.

அந்த மூக்கால்தான் இவ்வளவு பாடு. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்து, நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டைத் தணிக்க வேண்டும்; சப்பை மூக்கில் அதுவும் சுலபமில்லை. நம் ஊர்க் காற்றிலோ ஏற்கெனவே ஈரம் நிறைய. இந்த இனம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மியூனிக் பக்கம் உருவானது. சென்னை மே மாதத்தை யார் நினைத்தார்கள்? மேட்டுக்காரர்கள் என்ன எழுதியிருந்தாலும் எங்கள் அம்மா சொன்னதுதான் சரி: "ஏசியப் போடுடா, பாவம், நாக்கு தொங்குது பாரு."

அப்புறம் பாக்ஸரின் குணம். எதைச் செய்தாலும் முன்னங்காலால்தான் செய்வான். பந்து வேண்டுமா, கால். நம்மைக் கூப்பிட வேண்டுமா, கால். படுக்கும் முன் மேட்டைப் பிறாண்டி ஒரு சுற்று சுற்றியாக வேண்டும். ஓரத் தையல் விட்டு ஜெல் கசிந்தது. நல்லவேளை, நக்குவதற்குள் பார்த்தோம். விற்றவரிடம் கேட்டால் நாய் கிழித்ததற்கு வாரண்டி இல்லையாம். நாய்க்கு விற்கும் பொருளை வேறு யார் கிழிப்பார்கள்? இந்த இனத்துக்கு மூன்று வயதுவரை குட்டிப் புத்தி போகாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று, மேட் ஓரிடத்தில் கிடக்கும், பாக்ஸர் கிடக்க மாட்டான். சமையலறையில் ஆள் இருந்தால் சமையலறை வாசல், ஹாலில் டிவி ஓடினால் ஹால். பின்னாலேயே மேட்டை இழுத்துக்கொண்டு அலைவது நாங்கள். நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அதில் உட்கார்ந்தால் மட்டும் உடனே வந்து, முழுப் பாரத்தையும் அவள் மேல் சாய்த்துப் படுப்பான். அவளும் தள்ளுவதில்லை.

மேட் இருக்கிறதே என்று வாக்கிங்கை வெயில் ஏறும்வரை தள்ளிப்போடாதீர்கள். காலை ஆறு மணிக்குள் முடியுங்கள், இல்லாவிட்டால் இருட்டிய பிறகு. ஈறு கருஞ்சிவப்பானாலோ தள்ளாடினாலோ தண்ணீர் ஊற்றி நனைத்து, ஃபேன் காற்று படவிட்டு, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவமனை எங்களுக்குப் பக்கம். நாய் ஓடி விளையாடும்போது மயங்கி விழுந்தால் வெயில் என்று நினைத்து விட்டுவிட வேண்டாம். பாக்ஸருக்கு இதயத்துடிப்பு தப்பும் பரம்பரை நோய் உண்டு. உடம்பில் கருவி கட்டி நாள் முழுதும் இதயத்துடிப்பைப் பதியும் 24 மணி நேர ஹோல்டர் பதிவு எடுத்தால்தான் பல நேரம் பிடிபடும்.

ஏசி அறை இருக்கிறது, நாய்க்குப் பிறாண்டும் வயது போய்விட்டது என்றால் வாங்கலாம். குட்டிக்கு வேண்டவே வேண்டாம். 5-க்கு 3 தருகிறேன். அதில் ஒன்று, வழியும் எச்சிலை ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடைக்க முடிவதற்காக.