பழைய ஹார்ன்பி கிளாஸ் 86: உடம்பு நன்று, ஓட்டம் சுமார், கூரை மோசம்

காட்பாடி ஜங்ஷனில் தலைக்கு மேல் போகும் கம்பியில் ஓடுவது 25 கிலோவோல்ட், 50 ஹெர்ட்ஸ். லண்டன் யூஸ்டனிலிருந்து கிளாஸ்கோ போகும் பாதையிலும் அதேதான். அந்தப் பாதைக்காக 1965, 66-ல் வல்கன் ஃபவுண்டரியிலும் டான்காஸ்டர் பட்டறையிலும் நூறு மின்சார எஞ்சின்கள் கட்டினார்கள். முதலில் ஏஎல்6 என்று பெயர், பிறகு கிளாஸ் 86. இதன் ஓஓ அளவு (76.2-ல் ஒரு பங்கு) மாடலை பிரிட்டிஷ் மாடல் ரயில் கம்பெனியான ஹார்ன்பி 1981-ல் வெளியிட்டது. பிறகு ஹெல்ஜன் கம்பெனியும் புதிய அச்சில் ஒன்று செய்தது. இங்கே பேச்சு பழைய ஹார்ன்பியைப் பற்றி மட்டும். செகண்ட் ஹேண்டில் ஏராளமாகக் கிடைக்கிறது. கை வேலை தெரிந்தவருக்கு இதைவிட நல்ல மூலப்பொருள் இல்லை. பெட்டியைப் பிரித்ததும் தண்டவாளத்தில் வைத்து ஓட்ட நினைப்பவருக்கு இது வேண்டாம்.

வாங்கும்போதே ஒரு கணக்கு. வெளிநாட்டிலிருந்து வரும் அளவு மாடல்கள் சுங்கத்தில் பொம்மைகளோடு சேர்ந்து 9503 என்ற தலைப்பில் வருகின்றன. 2023 பட்ஜெட்டில் அந்தத் தலைப்புக்கான அடிப்படை வரி 60-லிருந்து 70 சதவீதம் ஆனது. அதனால் விற்பவர் சொல்லும் விலையை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். பேன்டோ (கூரையில் நின்று மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கை) உடைந்தது, கப்ளிங் இல்லாதது என்று தள்ளுபடியில் வருவதே நமக்கு லாபம், எப்படியும் அந்த இரண்டையும் கழற்றப் போகிறோம். கேட்டு வாங்க வேண்டிய படங்கள் மூன்று: ஓட்டுநர் அறை (கேப்) முனைகளில் விரிசல் உண்டா என்று காட்டும் படம், மோட்டார் போகியை (மோட்டார் இருக்கும் சக்கரத் தொகுதியை) கவிழ்த்து எடுத்த படம், பக்கவாட்டிலிருந்து உடம்பு நேராக இருக்கிறதா என்று தெரியும் படம். வெயிலில் கிடந்து வளைந்த உடம்பைச் சுடுநீரில் போட்டு நிமிர்த்தலாம் என்பார்கள். நிமிரும், கூடவே ஜன்னல்களும் கோணும்.

அளவைச் சரிபார்ப்பது எளிது. உண்மை எஞ்சின் பஃபர் முதல் பஃபர் வரை, அதாவது முன்னும் பின்னும் நீட்டி நிற்கும் மோது தாங்கிகளோடு சேர்த்து, 17.83 மீட்டர். 76.2-ஆல் வகுத்தால் 234 மில்லிமீட்டர். போகியின் சக்கர இடைவெளி 3.28 மீட்டர், மாடலில் 43 மி.மீ. சக்கரம் 1156 மி.மீ. விட்டம், மாடலில் 15.2. வெர்னியரை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓஓவில் திருத்த முடியாத ஒரு பொய் உண்டு. 18.83 மி.மீ. இருக்க வேண்டிய தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. தான். முன்னாலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே ஒடுங்கித் தெரியும். அதை மறந்துவிட்டு மேலே போவதே நல்லது.

ஓட்டத்தை முதலில் முடித்துவிடலாம். மோட்டார் ஒரு போகிக்குள்ளேயே இருக்கும் ரிங்ஃபீல்டு வகை. பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். ஐசோபிரப்பில் ஆல்கஹாலில் பஞ்சைத் தொட்டு கம்யூட்டேட்டரை (பிரஷ் உரசும் செம்புத் துண்டுகளை) துடைத்து, துண்டுகளுக்கு நடுவே இருக்கும் கரியைப் பல் குத்தும் குச்சியால் எடுங்கள். ஊசி வேண்டாம், செம்பில் கீறல் விழுந்தால் பிரஷ் சீக்கிரம் தேயும். தண்டு சுழலும் இடங்களில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, ஆறு மாதத்தில் மறுபடி பிசினாகும். சக்கரத்தில் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் எஞ்சின் நொண்டும். அதை மாற்றாமல் மோட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை.

விட்டு விட்டு ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் மோட்டார் அல்ல, மின்சாரம் எடுக்கும் சக்கரங்கள் குறைவு. ரப்பர் மாட்டிய சக்கரம் மின்சாரம் எடுக்காது. மோட்டார் இல்லாத போகியில் நான்கு சக்கரங்களுக்கும் புதிதாகத் தொடுகம்பி போட்டால் பாதி நோய் தீரும். பழைய ரிலேக்குள் இருக்கும் பாஸ்பர் வெண்கலத் தகட்டை ஒரு மி.மீ. அகலத்துக்குக் கீறி, காப்பர் பூசிய போர்டுத் துண்டில் பற்றவைத்து, சக்கரத்தின் உள்முகத்தை லேசாகத் தொடும்படி வளைக்க வேண்டும். தகடு அழுத்தினால் சக்கரம் சுற்றாமல் சறுக்கும். விரலால் சக்கரத்தை ஒரு தட்டு தட்டினால் இரண்டு மூன்று சுற்றாவது தானாகச் சுற்ற வேண்டும். டிசிசி (ஒவ்வொரு எஞ்சினையும் டிஜிட்டல் கட்டளையால் தனித்தனியாக ஓட்டும் முறை) போட நினைத்தால், மோட்டாரின் இரண்டு முனைகளும் சட்டத்தோடு தொடர்பில்லாமல் இருக்கின்றனவா என்று மல்டிமீட்டரில் முதலில் பாருங்கள். ஒரு முனை சட்டத்தைத் தொட்டாலும், கட்டளையைப் படிக்க எஞ்சினுக்குள் வைக்கும் டிகோடர் கருகும்.

இனி கூரை. டீசல் எஞ்சின் மாடலில் கூரை சுமாராக இருந்தாலும் தப்பித்துவிடும். மின்சார எஞ்சினில் தப்பாது. மேஜையில் வைத்த மாடலை நாம் மேலிருந்துதான் பார்க்கிறோம், முழு எந்திரமும் அங்கேதான் கிடக்கிறது. பெட்டியோடு வரும் பேன்டோ குழந்தைகள் கை பட்டாலும் உடையாதபடி தடித்துச் செய்தது. உண்மையில் இரும்புக் குழாய்களால் ஆன மெல்லிய ஒற்றைக் கை அது. மாடலில் குழாய் அரை மி.மீ. தாண்டினாலே கண்ணுக்கு உறுத்தும். சுலபமான வழி சொம்மர்ஃபெல்ட் மாதிரியான கம்பெனியின் உலோகப் பேன்டோவை வாங்கிப் பொருத்துவது. ஒரே வகுப்பில் காலத்துக்குக் காலம் பேன்டோ மாறியிருக்கிறது. ஸ்டோன்-ஃபெய்வ்லி வகை போய் பல எஞ்சின்களில் பிரெக்னெல் வில்லிஸ் வந்தது. எனவே எந்த எண், எந்த ஆண்டு என்று முடிவு செய்யாமல் பேன்டோ வாங்காதீர்கள். நம்மூர் வாப்-4 மின்சார எஞ்சினின் கூரையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இன்னொரு எச்சரிக்கை: நம் எஞ்சினில் இரண்டு பேன்டோ, கிளாஸ் 86-ல் ஒன்றுதான்.

தானே செய்பவர்களுக்கு: 0.5 மி.மீ. பித்தளைக் கம்பி, 60/40 ஈயம், 25 வாட் அயர்ன். மென்மரப் பலகையில் வரைபடத்தை ஒட்டி, குண்டூசிகளால் கம்பியை அசையாமல் பிடித்துக்கொண்டு பற்றவைக்க வேண்டும். பொற்கொல்லர் பட்டறையில் பார்த்துவிட்டு வெங்காரத்தைத் தடவுபவர்கள் உண்டு. அது வெள்ளிப் பற்றுக்கான சூட்டில்தான் உருகி வேலை செய்யும், ஈயம் உருகும் 190 டிகிரியில் சும்மா வெள்ளைத் தூளாக நிற்கும். ஈயத்துக்கென்று இருக்கும் ஃப்ளக்ஸ்தான் (பற்று ஒட்ட உதவும் பசை) வேண்டும். வேலை முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவாவிட்டால் மழைக்காலத்தில் பச்சை பூக்கும். பேன்டோவைத் தூக்கி வைக்கப் போகிறீர்கள் என்றால், பிரிட்டனில் தலைக்கு மேல் போகும் மின்கம்பியின் வழக்கமான உயரம் 4.7 மீட்டர். மாடலில் தண்டவாள மேல்தளத்திலிருந்து ஏறக்குறைய 62 மி.மீ. அதற்கு மேல் போனால் கம்பி இல்லாத இடத்தில் நிற்கும் கொக்கு மாதிரி இருக்கும்.

இன்சுலேட்டர்களுக்கு வேலூர் லாங் பஜாரில் கிடைக்கும் பொடிப் பாசிமணியைக் கோர்த்து நிறுத்துவது பழைய தந்திரம். இரண்டு மி.மீ. விட்டமுள்ள மூன்று மணி சேர்ந்தால் உயரம் ஏறக்குறைய சரி. ஆனால் மணியின் விளிம்பு உருண்டை, உண்மை இன்சுலேட்டரின் தட்டு கூர்மை. ஒரு முழம் தள்ளி நின்றால் தெரியாது, படம் எடுத்தால் தெரியும். இதைவிட நல்ல வழி தோல் தொழில் ஊர்களுக்கே உரியது. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் வேலைக்கு விற்கும், துளை போடும் சுழல் பஞ்ச் கருவியில் 2, 2.5 மி.மீ. துளைகள் உண்டு. கால் மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் வட்டம் வட்டமாகக் குத்தி, பெரியதும் சின்னதும் மாற்றி மாற்றி அடுக்கினால் தட்டு தட்டாக வரும். பஞ்ச் கருவியின் வாய் மழுங்கியிருந்தால் வட்டத்தின் ஓரம் மடங்கும், அதனால் பழைய பஞ்ச் வேண்டாம்.

கூரையில் ஓடும் மின்கம்பிகளுக்கும் கைப்பிடிகளுக்கும் மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போங்கள், செம்புக் கம்பியைக் கிராம் கணக்கில் நிறுத்துத் தருவார்கள். 26 கேஜ் 0.46 மி.மீ., கூரைக் கம்பிக்கு. 30 கேஜ் 0.32 மி.மீ., கைப்பிடிக்கு. ஓர் அங்குலக் கைப்பிடி 76-ல் ஒரு பங்கானால் 0.33 என்பதால் இது கச்சிதம். கம்பியின் மேல் எனாமல் பூச்சு இருக்கும். சுரண்டாமல் பற்றவைத்தால் ஈயம் உருண்டு ஓடும். செம்பு மெத்து என்பதால் கை பட்டால் வளையும், கதவோரக் கைப்பிடிகளுக்கு கிடாரின் 13 நம்பர் எஃகுத் தந்தி அதே 0.33 தடிமனில் நிமிர்ந்து நிற்கும். ஆனால் எஃகை நல்ல கட்டரால் வெட்டினால் கட்டரின் வாய் போய்விடும். வெட்ட வேண்டாம், அரத்தால் கீறி ஒடியுங்கள்.

குழாய் வேண்டிய இடங்களில் வேலூருக்குப் பக்கத்தில் வேறு ஊர் நிற்க முடியாது. சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றி இருக்கும் சர்ஜிக்கல் கடைகளில் ஊசி, பிளேடு எல்லாம் சில்லறையில் கிடைக்கும். ஊசியின் பிளாஸ்டிக் தலையின் நிறமே அளவு: பழுப்பு 0.45 மி.மீ., நீலம் 0.6, பச்சை 0.8, இளஞ்சிவப்பு 1.2. மணல் குழாய்க்கு நீலம், பஃபரின் தண்டுக்கு இளஞ்சிவப்பு. கட்டரால் நறுக்கினால் வாய் நசுங்கும், ஊசி அரத்தால் சுற்றிலும் கீறி ஒடிக்க வேண்டும். பழைய கைப்பிடிகளைச் செதுக்கி எடுக்க 11 நம்பர் பிளேடு, அதற்கு 3 நம்பர் கைப்பிடி. பொருந்தாத கைப்பிடியை வாங்கிவிட்டு பிளேடைத் திட்டுவது வழக்கமாக நடக்கிற கூத்து.

ஜன்னல் கண்ணாடியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அரை மி.மீ. தெளிந்த தகட்டை ஒவ்வொரு ஓட்டைக்கும் அளவாக ராவி உள்ளே அமர்த்தி, ஃபெவிகாலால் ஒட்டுங்கள். குயிக் பசை வைத்தால் கண்ணாடி பனி படர்ந்ததுபோல் வெளுக்கும்.

பெயின்ட்டில்தான் நம் ஊர்க் காலநிலை குறுக்கே வரும். மே மாதம் 40 டிகிரி தாண்டும் நாளில் அக்ரிலிக் பெயின்ட் ஏர்பிரஷ் முனையிலேயே காய்ந்து, உடம்பில் மணல் தெளித்தது மாதிரி சொரசொரப்பாகும். காய்வதைத் தாமதிக்கும் ரிட்டார்டர் சில சொட்டு விட்டு, காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். நவம்பர் மழையில் லாக்கர் அடித்தால் ஈரம் புகுந்து வெண்படலம் படியும். அதற்கு ரிட்டார்டர் போதாது, நாளைத் தள்ளிப்போடுவதே வழி. முகப்பு மஞ்சளை நீலத்தின் மேல் அடித்தால் எத்தனை கோட் போனாலும் பச்சை தட்டும். வெள்ளை ப்ரைமர், அதன் மேல் மஞ்சள், ஒரு நாள் காய்ந்தபின் டேப் மறைத்து நீலம், இதுதான் வரிசை.

எண் ஒட்டும் டீக்கலை நனைக்கக் குழாய்த் தண்ணீர் வேண்டாம். இங்கே போர் தண்ணீரில் உப்பு அதிகம், காய்ந்தபின் எண்ணைச் சுற்றி வெள்ளைக் கோடு நிற்கும். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வருடக்கணக்கில் வரும்.

எந்த எண் என்பதில் தவறாதீர்கள். ஆரம்பத்தில் இந்த எஞ்சின்களின் மோட்டார்கள் அச்சிலேயே தொங்கியதால் தண்டவாளத்தைப் பதம்பார்த்தன. பல எஞ்சின்களுக்கு ஃப்ளெக்ஸிகாயில் என்ற பெரிய சுருள் ஸ்பிரிங்குகள் போகியின் பக்கவாட்டில் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டன, அவை 86/2 என்ற உட்பிரிவு ஆயின. ஸ்பிரிங் தெரியும் போகியை வைத்துக்கொண்டு E3101 மாதிரியான ஆரம்ப கால எண்ணை ஒட்டினால், தெரிந்தவர் கண்ணுக்கு அது திருமணத்தன்றே பேரன் மடியில் உட்கார்ந்த படம். முகப்பில் இருந்த நான்கெழுத்து வழிக் குறிப்பலகை பிற்காலத்தில் மூடப்பட்டு இரண்டு வெள்ளை விளக்காக மாறியதையும் அதே ஆண்டோடு சேர்த்துப் பாருங்கள். 86101 முதல் 86103 வரை மூன்று எஞ்சின்களைத் தொட வேண்டாம், அவற்றின் போகி கிளாஸ் 87-ஐச் சேர்ந்தது, இந்த மாடலில் இல்லை.

அழுக்குப் பூச கடைப் பொடி தேவையில்லை. பேன்டோவின் கார்பனும் பிரேக் தூளும் சேர்ந்த கரும்பழுப்புதான் கூரையில் படியும். விளக்குக் கரியையும் செங்கல் தூளையும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று கலந்து, பழைய வேட்டித் துணியில் சலித்து, மென்தூரிகையால் பேன்டோவுக்குக் கீழே அடர்த்தியாகவும் முனைகளை நோக்கி மெலிந்தும் தடவுங்கள். பிறகு மேட் வார்னிஷ் அடித்தால் பாதிப் பொடி மறைந்துவிடும், அதனால் தேவைக்குக் கொஞ்சம் கூடவே பூச வேண்டும். இன்சுலேட்டர்களை மட்டும் பஞ்சில் துடைத்து விடுங்கள். அழுக்கான இன்சுலேட்டரில் மின்சாரம் தாவும் என்பதால் உண்மை எஞ்சினிலும் அவற்றைத் துடைப்பார்கள்.

முடித்த மாடலைத் தகரக் கூரைக்குக் கீழுள்ள பரணில் வைக்காதீர்கள். பழைய உடம்பு தாங்கினாலும், ரெசினில் அச்சடித்த துணைப்பாகங்கள் ஒரே கோடையில் தொங்கிவிடும்.