பாதைப் பதிவுக் கருவி நல்லதுதான், கேமரா கடிகாரம்தான் சரியில்லை

ஜிபிஎஸ் இல்லாத கேமராவில் எடுத்த படங்களில் பின்னர் இருப்பிடத் தகவல் சேர்ப்பதற்காக, நாம் போகும் வழியை ஜிபிஎஸ் மூலம் நேரத்தோடு பதிந்துவைக்கும் பாதைப் பதிவுக் கருவி ஒன்றைத் தனியே வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அப்படியொரு கருவியைப் பல ஆண்டுகளாகப் பையில் சுமப்பவன் என்பதால், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் விவரங்களைத் தாண்டி அனுபவத்தை மட்டும் எழுதுகிறேன்.

கருவியின் மீது பெரிய குறை இல்லை. காலையில் முடுக்கிவிட்டால் இரவு வரை பேட்டரி தாங்குகிறது. உடன் தந்த மென்பொருள் புதிய இயங்குதளத்தில் திறக்க மறுத்தபோது கோபம் வந்தது உண்மை. ஆனால் பாதை, இடமும் நேரமும் கொண்ட புள்ளிகளின் பட்டியலான ஜிபிஎக்ஸ் கோப்பாகக் கிடைப்பதால், பில் ஹார்வி உருவாக்கிய இலவச மென்பொருளான எக்ஸிஃப்டூல் மீதி வேலையைப் பார்த்துக்கொள்கிறது. படம் எடுத்த நேரத்தைப் பாதைப் புள்ளிகளின் நேரத்தோடு ஒப்பிட்டு, இரண்டு புள்ளிகளுக்கு இடையில் விழும் படத்துக்கு நடுவிலுள்ள இடத்தைக் கணக்கிட்டு, ஒரு கோப்புறை முழுவதையும் ஒரே கட்டளையில் முடித்துவிடுகிறது.

தீராத எரிச்சல் நேரத்தில்தான் இருக்கிறது. ஜிபிஎக்ஸ் கோப்பு யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதப்படுகிறது. படக் கோப்புக்குள் கேமரா விவரங்களை எழுதும் முறையான எக்ஸிஃபிலோ, நேர மண்டலத்தைக் குறிக்க 2016இல் வந்த அதன் 2.31 பதிப்பு வரை முறையான இடமே இருக்கவில்லை, என் கேமரா இன்றும் அதை நிரப்புவதில்லை. மண்டலம் சொல்லப்படாதபோது கணினியின் உள்ளூர் நேரத்தையே எக்ஸிஃப்டூல் எடுத்துக்கொள்வதால், வெளிநாட்டில் எடுத்த படங்களை ஊர் திரும்பிச் செயலாக்கும்போது மண்டலத்தை நாமே சொல்ல வேண்டும். மணிக்கணக்கில் பிசகினால் வரைபடத்தைப் பார்த்ததுமே பெரும்பாலும் தெரிந்துவிடும். அரை நிமிடப் பிசகுதான் ஏமாற்றுகிறது: நடந்துபோகையில் அது ஏறக்குறைய 40 மீட்டர், 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியில் 500 மீட்டர். பாலத்தின் நடுவில் நின்று எடுத்த படம், பார்க்க நம்பும்படியாகவே, கரையிலிருக்கும் பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இத்தனை விலை கொடுத்து வாங்கிய கேமராவின் மெனுவில் மணியும் நிமிடமும் உண்டு, நொடியை அமைக்க வழியில்லை என்பதை எந்தப் பொறியாளர் ஒப்புக்கொண்டார் என்று தெரியவில்லை.

இதற்குக் கண்ட வழி, கைபேசியில் நொடியோடு ஓடும் கடிகாரத்தைக் கேமராவால் ஒரு படம் எடுத்துவைப்பது. அதில் தெரியும் நேரத்தையும் கோப்பில் பதிந்த நேரத்தையும் எக்ஸிஃப்டூலின் ஜியோசிங்க் என்ற தேர்வில் கொடுத்தால் வித்தியாசம் சரியாகிவிடும். நீண்ட பயணத்தின் தொடக்கத்திலும் முடிவிலுமாக இப்படி இரண்டு நேர இணைகளைக் கொடுத்தால், இடையில் கடிகாரம் மெல்ல விலகிப்போனதையும் அது சீராகப் பகிர்ந்து திருத்துகிறது. இதை முதன்முறை பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியைக் கருவி ஒருபோதும் தந்ததில்லை.

ஆகவே, நண்பரே, கருவி நல்லது, வாங்காதீர்கள். ஜிபிஎக்ஸ் எழுதும் கைபேசிச் செயலியே போதும், பேட்டரி சற்று விரைவாகத் தீரும், அவ்வளவுதான். அந்தப் பணத்தை, கைபேசியோடு இணைந்து தன் கடிகாரத்தைத் தானே திருத்திக்கொள்ளும் அடுத்த கேமராவுக்கு எடுத்து வையுங்கள்.