மறதி நோய்: மாத்திரை மட்டுமா, அக்குபஞ்சரும் சேர்த்தா?

முதலில் மாத்திரையின் கணக்கைப் பார்த்துவிடலாம். மறதி நோயின் ஒரு வகையான அல்சைமருக்கு டோனெபெசில் என்ற மாத்திரையை இரவில் 5 மி.கி. என்று தொடங்கி, 4 முதல் 6 வாரம் கழித்து 10 மி.கி. ஆக்குவார்கள். நினைவாற்றலை அளக்கும், 70 புள்ளி கொண்ட ஏடாஸ்-காக் சோதனையில் ஆறு மாத முடிவில் கிடைக்கும் ஆதாயம் ஏறக்குறைய 2.7 புள்ளி. அவ்வளவுதான். மறந்த பேரன் பெயர் திரும்பி வந்துவிடாது. சரிவு கொஞ்சம் தள்ளிப்போகும். குமட்டல், வயிற்றுப்போக்கு, நாடித்துடிப்பு குறைவது எல்லாம் வரலாம். கெட்ட கனவு வந்தால் மருத்துவரைக் கேட்டு மாத்திரையைக் காலைக்கு மாற்றலாம்.

கூடவே, உடலின் சில புள்ளிகளில் மெல்லிய ஊசி குத்தும் அக்குபஞ்சரும் செய்தால் பலன் கூடும் என்ற ஆய்வுகள் பெரும்பாலும் சீனாவில் நடந்தவை. அவற்றில் ஊசி குத்தும் இடங்கள்: உச்சந்தலையில் பைஹுவே, அதைச் சுற்றி நான்கு சிஷென்சோங் புள்ளிகள், மணிக்கட்டில் ஷென்மென், முழங்காலுக்குக் கீழே சூசான்லி. ஒரு தடவைக்கு 30 நிமிடம், வாரம் 3 முதல் 5 தடவை, 8 முதல் 12 வாரம் என்பது வழக்கமான அளவு. இரண்டும் பெற்றவர்களுக்கு மதிப்பெண் சற்றுக் கூடுதலாகத்தான் வருகிறது. ஆனால் பலவற்றில் போலி ஊசி போட்டு ஒப்பிட்ட குழு கிடையாது. வாரத்தில் ஐந்து நாள் வெளியே கூட்டிப்போய், ஒருவர் பக்கத்தில் இருந்து பேச்சுக் கொடுத்தாலே பெரியவர்கள் கொஞ்சம் தெளிவாக இருப்பார்கள். அந்தப் பலனும் ஊசியின் கணக்கில் ஏறியிருக்கலாம்.

மாத்திரையை விட்டுவிட்டு அக்குபஞ்சர் மட்டும் என்பது மூன்றிலும் மோசமான வழி. நோய் முற்றியவர்களிடம் பிரிட்டனில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், டோனெபெசிலைத் தொடர்ந்தவர்கள் நிறுத்தியவர்களைவிட 30 புள்ளி நினைவாற்றல் சோதனையில் சராசரி 1.9 புள்ளி மேலே இருந்தார்கள். "இங்கிலீஷ் மருந்தை நிறுத்தினால்தான் பார்ப்பேன்" என்பவரிடம் போகவே வேண்டாம். நம்மூரில் பரவலாக உள்ள, ஊசியில்லாமல் விரலால் தொடும் அக்குபஞ்சர் முறைக்கு அந்தச் சீன ஊசி ஆய்வுகள் சான்றாகாது.

சேர்த்துச் செய்வதென்றால் நேரம் பார்த்துத் தொடங்க வேண்டும். மாத்திரை 10 மி.கி.க்கு ஏறிய மாதமே ஊசியும் ஆரம்பித்தால், எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று மாதம் அளவு மாறாமல் இருக்கட்டும். பி12, தைராய்டு பரிசோதனை முடிந்திருக்கட்டும். பிறகு நினைவாற்றல் சோதனை ஒன்று, 12 வாரம் கழித்து இன்னொன்று. இரண்டாவதில் வேறு கேள்வித்தாள். முதல் தாளே மறுபடி வந்தால் பழக்கத்தாலேயே மதிப்பெண் ஏறும். சட்டைப் பொத்தான் போடுவது, தட்டில் போட்டதைத் தானே சாப்பிடுவது போன்றவற்றையும் வீட்டில் குறித்து வையுங்கள்.

கோளாறு வருவது பெரும்பாலும் சின்ன விஷயத்தில். டோனெபெசிலால் நாடி ஏற்கெனவே மெதுவாக ஓடலாம்; வெறும் வயிற்றில் உட்காரவைத்து ஊசி போட்டால் மயங்கி விழலாம். சாப்பிடவைத்து, படுக்கவைத்துத்தான் போட வேண்டும். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி இருந்தால் ஊசி வழியே மின்சாரம் செலுத்தும் முறை கூடாது. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகள் சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தலைமுடிக்குள் ஓர் ஊசி தங்கிப்போவது நடக்கும். போட்டதையும் எடுத்ததையும் எண்ணச் சொல்லுங்கள். ஊசியைப் பிடுங்கும் நோயாளிக்கு அரை மணி நேரமும் பக்கத்தில் ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் இந்தச் சிகிச்சை அவருக்கு வேண்டாம்.

12 வாரத்தில் சோதனையிலும் வீட்டுக் குறிப்பிலும் மாற்றம் இல்லையென்றால் ஊசியை நிறுத்துங்கள், மாத்திரையை அல்ல.