ஒரு குடம் தண்ணீரை எந்த அளவுகோல் காணும்?

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு நல்ல தண்ணீருக்கு அலையும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அரசுத் திட்டத்தின் வெற்றியை எதைக் கொண்டு அளப்பது என்பது வெறும் ஏட்டுக் கேள்வியன்று.

நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி (ஜிடிபி) மதிப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். ஊருணி வற்றிப்போய்க் குடும்பங்கள் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கத் தொடங்கினால், அந்த விற்பனையும் சேர்ந்து கணக்கு உயருமே தவிர, ஊருணியின் இழப்பு அதில் கழிக்கப்படாது. தேசிய வருமானக் கணக்கை வகுத்த சைமன் குஸ்நெட்ஸே அதிலிருந்து மக்கள் நலனை ஊகிப்பது அரிது என்று 1934இலேயே எச்சரித்தார்.

பின்தங்கிய மாவட்டங்களை உயர்த்த மத்திய அரசு 2018இல் தொடங்கிய ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து விருதுநகரோடு இராமநாதபுரமும் இடம்பெற்றது. 49 குறியீடுகளைக் கொண்டு மாதந்தோறும் முன்னேற்றத்தைப் பார்ப்பதால் நிர்வாகத்தை விழிப்பாக வைத்திருக்கும் வலிமை இதற்கு உண்டு. ஆயினும் திருவாடானை வயலும் கமுதிக் கரிசலும் பாம்பன் கடற்கரையும் ஒரே மாவட்டச் சராசரிக்குள் கரைந்துவிடுகின்றன. அதன் ஐந்து தலைப்புகளில் கடல் தொழிலுக்கெனத் தனித் தலைப்பும் இல்லை.

வருமானத்தை அன்றி நலவாழ்வு, கல்வி, வாழ்க்கைத்தரம் ஆகியவற்றின் குறைகளைக் கொண்டு வறுமையை அளக்கும், மத்திய அரசின் நிதி ஆயோக் அமைப்பின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டையே நான் மேலானதாகக் கருதுகிறேன், ஏனெனில் அது மாவட்டத்தை அன்று, வீட்டைக் கேட்கிறது. பாதுகாப்பான குடிநீரை எடுத்துத் திரும்ப அரை மணி நேரமோ அதற்கு மேலோ நடக்க வேண்டியிருந்தால், அந்த வீடு தண்ணீர் இல்லாத வீடாகவே கொள்ளப்படுகிறது. குழாய் பதித்தாயிற்று என்ற பதிலை ஏற்காத கேள்வி இது. ஆனால் 12 குறியீடுகளுள் குடிநீருக்குக் கிடைக்கும் எடை 21இல் ஒரு பங்கே. மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறை சேர்ந்தால்தான் வீடு வறுமைக் கணக்கில் வரும் என்பதால், தண்ணீர் ஒன்றுக்காக மட்டும் அல்லற்படும் வீடு அதில் ஏறாது.

பூட்டானின் மகிழ்ச்சிக் குறியீடு ஒன்பது களங்களில் சூழலையும் சேர்ப்பதால் மன்னார் வளைகுடாவுக்கு நெருக்கமானதுதான். ஆனால் ஆறு களங்களுக்கு ஈடான நிறைவிருந்தாலே போதும் என்பதால், விடுபடும் பங்கில் நமக்கு இன்றியமையாததும் போய்விடக்கூடும்.

வறுமைக் குறியீட்டுக்கு ஆதாரமான குடும்பநல ஆய்வு சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே நடக்கிறது. அதே அரை மணி நேரக் கேள்வியை, விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில், வருமானம் நின்று வெயிலும் ஏறியிருக்கும்போது, ஆண்டுதோறும் ஊர் ஊராகக் கேட்டு, விடையைப் பிற குறியீடுகளோடு கலக்காமல் தனியே வெளியிட வேண்டும்.